சும்மா இருக்காத கால்

கிட்ட வாங்க கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். கதவோரம் நிற்கிறவங்களும் உள்ளே வந்து உட்காருங்க, இடமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது, நெருங்கினால் இடம் தானாக வரும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு காலின் கதை சொல்லப்போகிறேன். நாட்டை ஆண்டவர் காலும் இல்லை, மேடையில் ஆடியவர் காலும் இல்லை. பஸ் ஓட்டுகிற ஒருத்தரின் வலது கால். அது தன் பாட்டுக்குச் சும்மா இருந்திருந்தால் எனக்குச் சொல்லக் கதை இருந்திருக்காது.

எங்கள் ஊரில் டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு சங்கம் உண்டு. அயலூர் நட்புச் சங்கம் என்று பலகை எழுதியிருக்கும். இரண்டே அறை. கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் வந்தால் மேலே பேசுகிறவர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தச் சங்கத்தின் வேலை என்னவென்றால், வேறு தேசத்துச் சாதாரண மனிதர்களை வரவழைத்து, ஒரு வாரம் நம் ஊர் வீடுகளில் தங்க வைப்பது. பிறகு நம் ஆட்களை அங்கே அனுப்புவது. மந்திரிகள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வார்களே, அந்த வகை இல்லை. இங்கே வருகிறவர் காலையில் பல் தேய்க்க உங்கள் குளியலறைக்கு வெளியே காத்து நிற்பார்.

சங்கத்தை நடத்தியது தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. படியேறி வருகிறவர் யாராக இருந்தாலும், மின்சாரக் கட்டணம் கேட்க வந்தவராக இருந்தாலும், "வாங்க வாங்க" என்பார். வாங்கம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"நாடும் நாடும் பேசிக்கிறதை நம்மால நிறுத்தவும் முடியாது, நடத்தவும் முடியாது. ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து சோறு போடலாம் இல்ல?" என்பார் வாங்கம்மா.

அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. தொழிலுக்குத் தொழில் பொருத்தம். வருகிறவர் நர்ஸ் என்றால் நர்ஸ் வீட்டில்தான் தங்க வேண்டும். முடி வெட்டுகிறவர் என்றால் முடி வெட்டுகிறவர் வீடு. பாஷை தெரியாவிட்டாலும் கத்தரிக்கோல் பேசிக்கொள்ளும் என்பது அவர் கட்சி.

சங்கத்துக்கு ஒரு வழக்கமும் உண்டு. அங்கே எந்த நாற்காலியும் கடையில் வாங்கியதில்லை. விருந்தாளி தங்கிப்போன ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒன்று கொடுத்தது. அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒன்று பிரம்பு, ஒன்று சுழலும், ஒன்று ஆடும். நீலப் பெயின்ட் அடித்த ஒரு மர நாற்காலி மட்டும் விருந்தாளிக்கு என்று தனியாக இருக்கும். ஊருக்குப் புறப்படுகிற அன்று எல்லோரும் கூடி டீ குடிப்பார்கள். விருந்தாளி அந்த நீல நாற்காலியை விட்டு எழுந்து, தன்னை வைத்திருந்த வீட்டுக்காரரை அதில் உட்கார வைப்பார். அதுதான் அழைப்பு. உட்கார்ந்தவர் அடுத்த வருஷம் அந்த ஊருக்குப் போவார். டிக்கெட்டை இரண்டு ஊர்ச் சங்கங்களும் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு நாற்காலி, ஒரு ஆள். விருந்தாளி எழுந்து யாரையும் உட்கார வைக்காமல் கும்பிட்டுவிட்டுப் போனதும் உண்டு. அன்றைக்கு டீ ஆறிப்போகும்.

இனி நம்ம ஆளுக்கு வருவோம். அவர் பஸ் டிரைவர். ஊரில் அவர் பெயர் நிதானம். அவர் வண்டியில் முன்கண்ணாடியோரம் ஒரு முட்டையை வைத்தால் கடைசி நிறுத்தம் வரை உருளாது என்று கண்டக்டர் பந்தயம் கட்டுவார். அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்பை இரண்டு உதறு உதறி மடித்து வைத்தால் அளவெடுத்து வெட்டிய மாதிரி இருக்கும். அங்கே அவரை மடிப்பக்கா என்பார்கள்.

இவர்களுக்கு ஒரே மகள். மரச்சாமான் செய்கிற பட்டறையில் படம் வரைந்து கொடுக்கிற வேலை பார்த்தாள். சங்கத்தின் மூலமாக அந்தப் பட்டறைக்கு வெளிதேசத்துத் தச்சன் ஒருவன் வந்தான். தொழிலுக்குத் தொழில், வாங்கம்மா போட்ட பொருத்தம். அது பொருந்தியதோ இல்லையோ, கல்யாணம் வரைக்கும் பொருந்திவிட்டது. பெண் அவனோடு கடல் தாண்டிப் போய்விட்டாள்.

நிதானம் கல்யாணத்தைத் தடுக்கவில்லை. ஆனால் டயர் கடை வழியாகப் போகிறபோதெல்லாம் மேலே பார்க்காமல் போவார். "பரிமாற்றம் பரிமாற்றம்னு சொல்றாங்களே, நம்ம பிள்ளையைக் கொண்டுபோனாங்க. பதிலுக்கு எனக்கு என்னத்தைக் குடுத்தாங்க?" என்பார். மகள் போனில் முகம் காட்டிப் பேசும்போது, "சாப்பிட்டியா? சரி, அம்மாகிட்டப் பேசு" என்று போனை நீட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்.

மடிப்பக்கா அப்படி இல்லை. பேசி முடித்த பிறகும் போனைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக்குள் தெரிகிற கன்னத்தைக் கிள்ள முடியுமா, சொல்லுங்கள்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பேச்சுவாக்கில் சொன்னார். சங்கத்துக்கு அடுத்து வரப்போகிற விருந்தாளி, மகள் இருக்கிற அதே ஊர்க்காரர். பஸ் டிரைவர்.

மடிப்பக்கா அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போகவில்லை. நேரே டயர் கடை மாடிப்படி ஏறினார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "ஏங்க, ஒரு டிரைவர் வர்றாராம். ஒரு வாரம் நம்ம வீட்டுல தங்கட்டும்னு சொல்லிட்டேன்."

"ஏன், நம்ம வீடு என்ன டிப்போவா?"

"பொண்ணு ரூம் சும்மாதானே கிடக்கு."

அதற்கு நிதானம் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று அந்த வீட்டில் அர்த்தம்.

விருந்தாளி வந்தார். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். நெட்டையார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு குறைவு. நம் பாஷை ஒரு சொல் தெரியாது. தெருமூலை மருந்துக்கடைக்காரருக்கு அந்தப் பாஷை தெரியும், அவர்தான் நடுவில் நின்று சொல்வார். மருந்துக்கடைக்காரரல்லவா, கசப்பு எதையும் கொஞ்சம் இனிப்புக் கலந்துதான் கொடுப்பார்.

முதல் நாளே நல்ல சகுனமாக ஒன்று நடந்தது. சுவரில் மகளின் படம் இருந்தது. ஒரு பாலத்தடியில் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். நெட்டையார் அந்தப் பாலத்தைத் தொட்டுக் காட்டினார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டார், பிறகு இரண்டு கையாலும் ஸ்டியரிங் திருப்பிக் காட்டினார். தினமும் நான் ஓட்டுகிற வழி என்று பொருள். மடிப்பக்கா படத்துக்குக் கிட்டே வந்து நின்றார். கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நெட்டையாரை டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கிற ஒற்றைச் சீட்டில் உட்கார வைத்தார்கள். பின்னால் மருந்துக்கடைக்காரர். டிப்போவில் இருந்து வண்டி கிளம்பியது. முதல் வளைவு வரைக்கும் எல்லாம் நன்றாக இருந்தது.

வளைவில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. நிதானம் மெல்லப் பிரேக் போட்டார். அதற்கு முன்பே பக்கத்துச் சீட்டில் 'தட்' என்று ஒரு சத்தம். நெட்டையாரின் வலது கால் தரையை மிதித்திருந்தது. அங்கே என்ன இருக்கிறது? வெறும் ரப்பர் விரிப்பு.

அடுத்த நிறுத்தத்திலும் தட். சிக்னலிலும் தட். லாரிக்குப் பக்கத்தில் போனால் 'தட்'டோடு கம்பியையும் பிடித்துக்கொண்டார்.

முன்வரிசையில் தினமும் வருகிற பள்ளி ஆசிரியை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்ன டிரைவர் சார், இன்னிக்கு வண்டிக்கு ரெண்டு டிரைவரா? டிக்கெட் விலை ஏறுமா?" என்று கேட்டார். வண்டி முழுக்கச் சிரித்தது. நிதானத்தின் காது சிவந்தது.

"என்ன சார் பண்றாரு இவரு?" என்று கண்ணாடியில் பார்த்து மருந்துக்கடைக்காரரைக் கேட்டார்.

"உங்க ஓட்டத்தை ரசிக்கிறாருங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

இத்தனை வருஷமாக அவர் வண்டியில் ஒரு பயணி கூடக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியதில்லை. இப்போது வேறு தேசத்திலிருந்து ஒருவர் விமானம் ஏறி வந்து, ஊர்க்காரர்கள் முன்னாலே அவருக்குப் பிரேக் போட்டுக் காட்டுகிறார். இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள் நிதானம் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகத் திருப்பினார், கொஞ்சம் தாமதமாக நிறுத்தினார். நெட்டையாரின் முகம் வெளிறிப்போனது. "அண்ணே, முட்டை உடைஞ்சுடும்" என்று கண்டக்டர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

அன்று சாயந்தரம் வீட்டில் மூன்று பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். நெட்டையார் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நாளைக்கு அந்த வாங்கம்மாகிட்ட சொல்லிடு. வேற வீடு பார்த்துக்கட்டும்" என்றார் நிதானம்.

"என்னங்க சொல்றீங்க?"

"என் வண்டியில உட்கார்ந்துக்கிட்டு எனக்கே பிரேக் போடுறாரு. எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்ற மாதிரி. அவங்க ஊருக்கு நம்மகிட்ட இருந்து எடுத்துக்கிட்டது பத்தலையா?"

மடிப்பக்கா கையில் ஒரு துண்டு இருந்தது. அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அவரு போயிட்டா அந்த நீல நாற்காலியும் வேற வீட்டுக்குப் போயிடும்."

"போகட்டுமே. நம்ம வீட்டுல நாற்காலி இல்லையா?"

"நான் எதுக்கு அவரை வரச்சொன்னேன்னு நினைச்சீங்க? உங்களை அதுல உட்கார வெப்பாருன்னுதான். நீங்க போய் அவளை ஒரு தடவை கண்ணால பார்த்துட்டு வரணும். எப்படி இருக்கா, இளைச்சிருக்காளா, அந்தத் தச்சன் அவளைப் பார்த்து எப்படிப் பேசறான், வீட்டுல வெளிச்சம் வருதான்னு. நீங்க பார்த்துட்டு வந்து சொன்னாப் போதும் எனக்கு. நம்ம சம்பாத்தியத்துல இந்த ஜென்மத்துல போக முடியுமா?"

நிதானம் செய்தித்தாளைத் தேடினார். அது கைக்கு எட்டவில்லை. முகத்தை மறைக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார் கடைசியில்.

"சொல்லியிருந்தா, அந்தச் சங்கத்து நாற்காலியில உட்காரமாட்டேன்னு குதிச்சிருப்பீங்க."

அது உண்மைதான்.

மறுநாள் நிதானம் சிரித்துக்கொண்டே வண்டி எடுத்தார். சும்மா சிரிப்பில்லை, பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரிச் சிரிப்பு. ஒவ்வொரு 'தட்'டுக்கும் திரும்பி ஒரு சிரிப்பு. நெட்டையாருக்கு அது முறைப்பதைவிடப் பயமாக இருந்தது போலிருக்கிறது. ஒடுங்கி உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, தயவு பண்ணி சிரிக்காதீங்க. இறங்கவேண்டிய ஆளெல்லாம் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்குறாங்க" என்றார் கண்டக்டர்.

மதியம் வண்டி டிப்போவுக்கு வந்தது. கடைசித் திருப்பத்தில், வாசலுக்குள் நுழைகிற இடத்தில், இன்னொரு தட். அதுவரை கட்டிவைத்திருந்த கோபம் அவிழ்ந்துவிட்டது. நிதானம் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நேரே மேலாளர் அறைக்குப் போனார். பின்பக்க மைதானத்தில் புதுப் பையன்களுக்குப் பழக்கிக் கொடுக்கிற ஒரு பழைய வண்டி நிற்கும். அதைக் கொஞ்ச நேரத்துக்குக் கேட்டார்.

"எதுக்குப்பா?"

"விருந்தாளிக்கு ஓட்டிப் பார்க்கணும்னு ஆசையாம்."

மேலாளர் மைதானத்தின் கேட்டைப் பூட்டச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அவருக்கு ஆசைன்னு எப்ப சொன்னாரு? நான் மொழிபெயர்க்கலையே."

"இப்ப சொல்லுங்க. அவ்வளவு தெரிஞ்ச கால்னா ஒரு சுத்து சுத்திக் காட்டட்டும்னு சொல்லுங்க."

"அன்போட அழைக்கிறாருன்னு சொல்றேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

நெட்டையார் டிரைவர் சீட்டில் ஏறினார். நிதானம் பக்கத்து ஒற்றைச் சீட்டில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கண்டக்டர் படியில் தொற்றிக்கொண்டார். நெட்டையார் எஞ்சினைக் கிளப்பினார். கியர் போட வலது கையை நீட்டினார். கை போய்க் கதவில் 'டங்' என்று இடித்தது. நம் வண்டியில் கியர் இடது பக்கம். அவர் விரலை உதறிக்கொண்டார். நிதானத்துக்கு உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது.

வண்டி நகர்ந்தது. மைதானத்தைச் சுற்றிக் காலி டிரம்கள் வரிசையாக நிற்கும். நெட்டையார் மெல்லத்தான் ஓட்டினார். ஆனால் அவர் ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், நம் ஊரில் இடப்பக்கம். வண்டி அவரையறியாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி டிரம்மை நோக்கிப் போனது. அவர் சரியான நேரத்துக்குப் பிரேக் போட்டுவிட்டார். ஒரு டிரம்மும் சாயவில்லை.

படியிலிருந்து கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னடா சிரிப்பு?"

"அண்ணே... கீழே பாருங்க. உங்க காலைப் பாருங்க."

நிதானம் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கால் ரப்பர் விரிப்பை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. இன்னும் எடுக்கவே இல்லை. எப்போது போய் மிதித்தது என்று அவருக்கே தெரியாது.

நெட்டையாரும் எட்டிப் பார்த்தார். அந்தக் காலைப் பார்த்தார், நிதானத்தின் முகத்தைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அவர் சத்தமாகச் சிரித்து யாரும் கேட்டதில்லை. அன்று சிரித்தார், ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். தலை பட்டு ஹாரன் அடித்தது. மேலாளர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

பிறகு நெட்டையார் மூச்சு வாங்கியபடி ஏதோ சொன்னார். மருந்துக்கடைக்காரர் முதல் தடவையாக இனிப்புக் கலக்காமல் அப்படியே சொன்னார்.

"அவங்க ஊர் வண்டியில ஸ்டியரிங் இடது பக்கம், இப்ப நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அந்த இடத்துல. வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து அவரு உட்கார்ற இடம் அது. அங்க உட்கார்ந்தா காலுக்கு வேற எதுவும் தெரியலையாம். நிறுத்தணும் நிறுத்தணும்னு முயற்சி பண்ணியும் கால் கேக்கலையாம். நீங்க நல்லா ஓட்டுறீங்கன்னு முதல் நாளே சொல்ல நினைச்சாராம். உங்க முகத்தைப் பார்த்ததும் பயந்து சொல்லலையாம். காருல பின்சீட்டுல உட்கார்ந்தாக்கூட இவரு கால் இப்படித்தான், அதனால இவரு சம்சாரம் இவரைக் கூட்டிக்கிட்டு வெளிய போறதே இல்லையாம்."

"என் சம்சாரமும்தான்" என்றார் நிதானம். அது மொழிபெயர்க்கும் முன்பே நெட்டையாருக்குப் புரிந்துவிட்டது.

அதன் பிறகு மீதி நாட்கள் அந்த வண்டியில் போனவர்களைக் கேளுங்கள். இரண்டு கால்களும் சேர்ந்தே தட், தட் என்று விழும். சிக்னல் வந்தால் பள்ளி ஆசிரியையும் தன் காலால் ஒரு தட். மகள் அறைக் கதவு அதற்குப் பிறகு சாத்தப்படவில்லை. மடிப்பக்கா நெட்டையாருக்கு விரிப்பு மடிக்கச் சொல்லிக் கொடுத்தார். நெட்டையார் அந்தப் பாலத்தைப் பற்றி, அங்கே ஏறி இறங்குகிறவர்களைப் பற்றி, கையாலேயே கதை சொன்னார். நிதானம் செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

கடைசி நாள் டீ. எல்லா நாற்காலியும் நிறைந்திருந்தது. நெட்டையார் நீல நாற்காலியை விட்டு எழுந்தார். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் வந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். சத்தம் நின்றதும் அவர் நிதானத்தின் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தார். கைதட்டல். மடிப்பக்கா தலையைக் குனிந்துகொண்டு டீக் கோப்பையைப் பார்த்தார். அவர் கேட்டது கிடைத்துவிட்டது.

நிதானம் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் கூட இருக்காது. எழுந்துவிட்டார். வாங்கம்மா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, என்னப்பா?"

"நான் அங்க போனா அவரு வண்டியில பக்கத்துலதான் உட்காரணும், அக்கா. என் கால் சும்மா இருக்காது. மறுபடி சண்டை வரும்." கண்டக்டர் சிரித்தார், வேறு யாரும் சிரிக்கவில்லை. நிதானம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இவளுக்குப் பிரேக்கெல்லாம் தெரியாது. இவ போகட்டும். நான் பார்த்துட்டு வந்து சொன்னா, சாப்பிட்டாளா, ஆமான்னு ரெண்டு வார்த்தைதான் சொல்லுவேன். இவ பார்த்துட்டு வந்தா எனக்கும் சேர்த்துப் பார்ப்பா."

மடிப்பக்காவின் கையைப் பிடித்து எழுப்பி அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த அம்மா நாற்காலியின் விளிம்பில், எழுந்துவிடவா என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் வாங்கம்மாவைப் பார்த்தார்கள். தொழிலுக்குத் தொழில் பிடிவாதம் இருக்கிறதே. வாங்கம்மா கெட்டிலை இறக்கி வைத்தார்.

"என் பொருத்தத்துல ஒரு குறை இருக்குன்னு இந்த வாரம் எனக்கே தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் சட்டம் சட்டம்தான். பஸ் தொழில்ல டிரைவர் ஒருத்தர், கண்டக்டர் ஒருத்தர். மூணாவது ஆள் யாரு? பயணி. அது இல்லாம வண்டி எங்க ஓடும்? நல்லா சாஞ்சு உட்காரு கண்ணு."

மருந்துக்கடைக்காரர் இதை நெட்டையாருக்குச் சொன்னபோது அவர் வலது காலால் தரையை ஒரு மிதி மிதித்தார். அது சரி என்பதற்கு அடையாளம்.

மறு வருஷம் மடிப்பக்கா போனார். நெட்டையாரின் பஸ்ஸில், அவருக்குப் பக்கத்தில், முன்சீட்டில். பெட்டியில் மகளுக்காகப் புது விரிப்புகள், மடிப்புக் கலையாமல். பாலம் வந்தது. படத்தில் பார்த்த அதே பாலம். தூரத்தில் நிறுத்தம் தெரிந்தது. அங்கே ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், பக்கத்தில் ஒருவன் அவள் பையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

வண்டி இன்னும் நிறுத்தத்துக்கு வரவில்லை. தட்.

மடிப்பக்கா சைக்கிள் கூட ஓட்டியதில்லை, கண்ணுகளா. அந்தக் கால் எங்கே போய் எதைத் தேடியது? நெட்டையார் குனிந்து பார்த்தார், தன் காலால் நிஜப் பிரேக்கை மிதித்தார். கதவு திறந்தது.

அன்று போனில் இங்கே பேசியபோது அந்த அம்மா சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னார்: "ஏங்க, உங்க கால் எனக்கு வந்துடுச்சு."

"வண்டி நின்னுச்சா?" என்று கேட்டார் நிதானம்.

"நின்னுச்சு."

"அப்ப சரி. அவகிட்டக் குடு."

மகள் வந்தாள். "சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றாள். போனை நீட்ட வீட்டில் வேறு யாரும் இல்லை. போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு நிதானம், "வீட்டுல வெளிச்சம் வருதா?" என்று கேட்டார். மகள் போனை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் நன்றாகப் பார்த்துவிட்டு, "எங்க அந்தத் தச்சன்? அவன்கிட்டயும் குடு" என்றார்.

அவ்வளவுதான் கதை. எழுந்திருங்க, கால் மரத்துப்போயிருந்தால் உதறிக்கொள்ளுங்க. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தக் கரையில் இருந்தாலும், நீங்கள் ஏறின வண்டி அவர்கள் நிற்கிற இடத்தில் நிற்கட்டும். உங்கள் வீட்டுக்குள் எந்த ஜன்னல் வழியாகவாவது வெளிச்சம் வந்துகொண்டே இருக்கட்டும். யார் படியேறி வந்தாலும் உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி அங்கே எப்போதும் காலியாக இருக்கட்டும். பத்திரமாகப் போய் வாங்க, தங்கங்களா, நல்லா இருங்க.